மூடியில் இருந்த எண்

"எண்ணெய்க்கும் குளிருமாப்பா?"

சுடலைச்செல்வி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. மார்கழி மாதம், அரையாண்டு விடுமுறை. தலைக்குத் தேய்க்க எடுத்த தேங்காய் எண்ணெய் குப்பிக்குள்ளேயே வெள்ளையாக உறைந்திருந்தது. குப்பியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பட்டறைக்கு வந்தவள், சுவரோரம் அடுக்கியிருந்த இன்ஜின் ஆயில் டப்பாக்களைப் பார்த்ததும் கேட்டாள்.

"இதுக்கும் காலைல குளிருமா?"

தங்கச்சாமி சிரித்தார். டிராக்டர் வேலையாக வந்து நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

"ஏட்டி, நம்ம ஊர்ல கல்லே வேகுது. ஆயிலுக்கு எங்கன குளிரும்?"

"கேக்குதால்லா, ஒரு சுவெட்டர் வாங்கிப் போட்டு விடுங்க அண்ணாச்சி" என்றார் ஒருவர்.

பிள்ளை குப்பியை வெயிலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து வருடத்துக்கு முந்தைய பேச்சு அது. பதில் சொல்லாத கேள்வி எங்கும் போய்விடுவதில்லை. தங்கச்சாமிக்கு அது திரும்பி வந்தபோது, பிரித்துப் போட்ட ஓர் இன்ஜினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் போகிற சாலையில் இருந்தது அவருடைய பட்டறை. சுற்றிலும் பருத்தியும் மிளகாயும் போடுகிற கரிசல் காடு. டிராக்டர்தான் பெரும்பாலும் வேலைக்கு வரும். ஆயிலைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை. கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு சொட்டைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிரிப்பார். பாகு மாதிரி கம்பி இழுத்தால் நல்ல ஆயில். இழுக்காவிட்டால் ஏமாற்று.

டப்பாக்களின் மேல் இரண்டு எண்கள் போட்டிருப்பதை அவர் அறியாதவரல்ல. அவர் வாங்குவது 20W-50. பின்னால் இருக்கிற எண் பெரிதாக இருந்தால் வெயில் தாங்கும் என்பது அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பாடம். முன்னால் இருக்கிற எண் குளிருக்கானது, பனி பெய்கிற நாட்டுக்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். முப்பது வருடமாக அவர் கையால் ஆயில் மாற்றிய பழைய டிராக்டர்கள் இன்றும் உழுதுகொண்டிருந்தன. அதனால் அந்தப் பாடத்தைச் சந்தேகிக்க அவருக்குக் காரணமே இருக்கவில்லை.

அவருடைய தம்பி பூவனநாதனுக்கு வாயில் புற்று வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியபின், கன்னத்துப் புண்ணுக்குக் கட்டுப்போட வாரம் இரண்டு முறை நர்ஸ் ரூபி சிஸ்டர் வந்தாள். கோவில்பட்டியில் கிறிஸ்தவ சபைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற சேவை அது. படுக்கையில் கிடக்கிற நோயாளிகளின் வீடு தேடிப் போய்ப் புண்ணைக் கழுவி, வலி மாத்திரை கொடுத்து, பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள். வீட்டுக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்ற அறையில் அவள் எட்டு மாதம் முகம் சுளிக்காமல் உட்கார்ந்தாள்.

ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டாள். குடிக்கிற தண்ணீரும் பையிலேயே இருக்கும்.

"எங்க ரூல் அண்ணாச்சி. ஒரு வீட்டுல குடிச்சா, குடுக்க முடியாத வீட்டுல அவிய மனசு நோகும்லா" என்பாள்.

பூவனநாதன் இறந்து பதினாறாம் நாள் முடிந்ததும் தங்கச்சாமி ஒரு வாழைத்தாரோடு அவர்களுடைய ஆபீசுக்குப் போனார். கும்பிட்டு, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்துப் பேசி, தாரோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். செய்த நன்றிக்குக் கைமாறு செய்ய முடியாமல் வைத்திருப்பது ஒரு பாரம். அதை அவர் இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டே இருந்தார்.

இடம் தானாக வந்தது. பட்டறைக்குப் பக்கத்துச் சந்தில் கோமதியம்மாள் படுக்கையில் விழுந்தார். வியாழன்தோறும் சிஸ்டர் வர ஆரம்பித்தாள். சந்துக்குள் கார் போகாது. பட்டறை வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்துவார்கள். கோமதியம்மாளைத் தூக்கிப் புரட்ட ஆள் வேண்டும் என்பதால் டிரைவர் செல்வகணேஷும் மருந்துப் பெட்டியோடு கூடப் போவான். காருக்குள் இருக்கிற மற்ற மருந்துகள் வெயில் படக் கூடாது. அதனால் சாவியைப் பட்டறை ஆணியில் மாட்டிவிட்டு, "நிழல் மாறினா கொஞ்சம் தள்ளி விட்டுருங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் போவான்.

அப்படித் தள்ளி நிறுத்திய ஒரு நாள், ஏதோ தோன்றி பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். கம்பியிலிருந்து ஆயில் தண்ணீராக வழிந்தது. விரலில் வைத்துப் பிரித்தார். இழையவே இல்லை.

"இந்த சிஸ்டரப் போய் ஏமாத்துதானுவளே" என்று அவருக்கு நெஞ்சு பதறியது.

அடுத்த வியாழன், அவர்கள் சந்துக்குள் மறைந்ததும் காருக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை வடித்தார். புது டப்பா 20W-50-ஐ எடுத்து, பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த செண்பகவல்லி அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் வைத்து எடுத்தார். இன்ஜினில் ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்பக்கம் தூசி ஒட்டாதபடி பேட்டரி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார்.

"தாயே, இவிய எங்கன போனாலும் வழியில நிக்காமப் போகணும்."

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை இது நடந்தது. நடுவில் கம்பெனி சர்வீசில் மாற்றிக் கொண்டு வந்தாலும், அடுத்த வியாழனே கம்பியை உருவிப் பார்த்து, தண்ணீர் மாதிரி இருந்தால் மறுபடி மாற்றிவிடுவார். ஒன்றரை வருடம். யாரிடமும் சொல்லவில்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று அந்த சிஸ்டரே ஒரு முறை சொல்லிக் கேட்டிருந்தார்.

பங்குனியில் ஒரு வியாழன் கார் வரவில்லை. அடுத்த வியாழன் ஒரு பழைய பைக் வந்து மரத்தடியில் நின்றது. ஓட்டி வந்தவன் செல்வகணேஷ். பின்னால் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரூபி சிஸ்டர். அவன் தலையைக் குனிந்தபடியே பெட்டியை வாங்கிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டான். வழக்கமாகச் சொல்கிற வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கார் எங்க சிஸ்டர்?"

"இன்ஜின் போயிட்டு அண்ணாச்சி. எப்போதும்வென்றான் ஊரத் தாண்டி நடுக் காட்டுல. பின்னால பாத்தா ஒரே புகை. செவப்பு லைட்டு எரிஞ்சுது. கணேஷ் ஓரங்கட்டுறதுக்குள்ள இன்ஜின் சுத்தாம இறுகிட்டு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்லா?"

"எங்களுக்கு என்ன. அங்கன வெயிலுமுத்துன்னு ஒரு தாத்தா. எலும்புல புத்து. மாத்திரை முந்தின நாளே தீந்து போச்சு. காலைல எட்டு மணிக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன். மிளகா ஏத்துன ஒரு வண்டியில தொத்திப் போய்ச் சேரும்போது மணி நாலு." ரூபி பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "வாய்ல துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாவ. என்னப் பாத்து, 'வந்துட்டியா தாயி'ன்னாவ. ஏன் லேட்டுன்னுகூடக் கேக்கல."

தங்கச்சாமி கையில் இருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தார்.

"எதனால போச்சாம்?"

"ஆயிலாம் அண்ணாச்சி. அந்தக் காருக்கு ஊத்துற ஆயிலே இல்லையாம். டிராக்டருக்கு ஊத்துற மாதிரி கெட்டி ஆயிலாம். ரொம்ப நாளா அதுதான் ஓடியிருக்குன்னு பிரிச்சுப் பாத்துச் சொல்லிட்டாவ. கணேஷ் நல்ல ஆயில வித்துட்டு மட்டமானத ஊத்திட்டான்னு கமிட்டில பேசுதாவ. அவன் ஆமான்னும் சொல்ல மாட்டுக்கான், இல்லன்னும் சொல்ல மாட்டுக்கான். இந்த மாசத்தோட நின்னுக்கோன்னு எங்க கமிட்டித் தலைவர் இஸ்ரவேல் சார் சொல்லிட்டாவ. கார் இல்லாம நான் எப்படிப் போவேன்னு, அதுவரைக்கும் அவன் பைக்கிலேயே கூட்டிக்கிட்டு அலையுதான்."

நான்தான் என்று சொல்லத் தங்கச்சாமி வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, மொகம் வெளுத்துட்டு. வெயில்ல நின்னீங்களா? இதக் குடிங்க."

அவள் தன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். எட்டு மாதம் அவர் வீட்டில் ஒரு மிடறு வாங்கிக் குடிக்காதவள் கொடுத்த தண்ணீர். வாங்கிக் குடித்தார். அவள் சந்துக்குள் போய்விட்டாள். சொல்ல வேண்டியதை அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார். பைபாஸ் ரோட்டில் மணிராஜின் ஒர்க் ஷாப்பில்தான் கார் கிடக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தார். மணிராஜ் முப்பது வயதுக்காரன், புதுக் கார்களில் கைதேர்ந்தவன். தங்கச்சாமியைத் தொழில் முறையில் தெரியும்.

"வாங்க அண்ணாச்சி. டிராக்டர விட்டுட்டுக் கார் பக்கம் வந்துட்டீங்க?"

"சிஸ்டர் கார் இங்கன இருக்காம்லா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"பாருங்க, பாருங்க. பாக்க வேண்டிய கூத்துதான்."

தார்ப்பாயில் இன்ஜினைப் பிரித்துப் பரப்பியிருந்தார்கள். மணிராஜ் உள்ளங்கையில் அடங்குகிற ஓர் இரும்புச் சக்கரத்தை எடுத்துக் கொடுத்தான். அதன் தண்டு பாதியில் முறிந்திருந்தது.

"இதான் டர்போ. காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். இந்தத் தண்டுக்கும் அத தாங்குற பேரிங்குக்கும் நடுவுல இருக்கிறது முடி அளவு எடம். அந்த எடத்துல ஆயில் நின்னாத்தான் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசாது. ஆயில் வரலைன்னா இரும்பும் இரும்பும்தான். முறிஞ்சதும் இருந்த ஆயில் பூரா புகையாப் போச்சு. இன்ஜின் காஞ்சு சுத்தாம இறுகிட்டு."

"கெட்டி ஆயில்னா நல்லாத்தானல்லா நிக்கணும்? தண்ணி மாதிரி இருந்தா ஓடிப்போயிராது?"

மணிராஜ் சிரித்தான். "எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ." இரண்டு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து, ஒன்றில் மெல்லிய ஆயிலும் மற்றதில் அந்த இன்ஜினில் இருந்த மாதிரிக் கெட்டி ஆயிலும் முக்கால் அளவு ஊற்றி மூடினான். இரண்டையும் ஒரே நேரத்தில் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒன்றில் காற்றுக் குமிழி விருட்டென்று மேலே ஏறிவிட்டது. மற்றதில் குமிழி நிறைமாதக்காரி மலைப்படி ஏறுவதைப் போல நின்று நின்று ஏறியது.

"டப்பாவுல ரெண்டு நம்பர் போட்டிருக்குல்லா. பின்னாடி நம்பர், இன்ஜின் சூடேறி நூறு டிகிரில ஓடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லுது. முன்னாடி நம்பர், இன்ஜின் ஆறிக் கெடக்கும்போது கெளப்புனா எவ்வளவு லேசா எளகி ஓடும்னு சொல்லுது. சின்ன நம்பர்னா சீக்கிரம் ஏறும். தேய்மானத்துல பெரும்பங்கு ஸ்டார்ட் பண்ணுன அந்த மொத சில செகண்டுலதான் அண்ணாச்சி. ஆயில் கீழ இருந்து மேல ஏறி வாரதுக்குள்ள."

"நம்ம ஊர்ல குளிர் ஏது மணி? வெயில்லயே கெடக்குற இன்ஜின்."

"வெயில்ல கெடந்தா முப்பத்தஞ்சு, நாப்பது இருக்குமா? நூறுல ஓடுறவனுக்கு நாப்பது மார்கழிதான அண்ணாச்சி?"

தங்கச்சாமியின் நினைவில், கையில் உறைந்த எண்ணெய்க் குப்பியோடு ஏழு வயதுப் பிள்ளை பட்டறை வாசலில் வந்து நின்றாள். எண்ணெய்க்கும் குளிருமாப்பா? அன்றைக்கு ஐந்து பேர் சிரித்திருந்தார்கள்.

"ஒரு தடவை ஊத்தினா ஒண்ணும் ஆகியிருக்காது" என்று மணிராஜ் சொல்லிக்கொண்டே போனான். "பழைய டிராக்டருக்கு இது பொருந்தும். அதுக்குள்ள இடைவெளி பெருசு. காலைல ஒரு தடவை கெளப்புனா பொழுது சாய ஓடும். இந்தக் கார் வீட்டுக்கு வீடு நின்னு, ஆறி, திரும்பக் கெளம்புற கார். நாளைக்குப் பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்டு ஆயில் வராம வறண்டு சுத்தியிருக்கு. எந்த மகராசன் ஊத்துனானோ. இந்தா, கம்பெனிக்காரன் மூடியிலயே எழுதியிருக்கான் பாருங்க. ஊத்துனவன் கண்ணு தெரியாதவனா இருக்கணும்."

ஆயில் ஊற்றுகிற வாயின் கருப்பு மூடி. தங்கச்சாமி வாங்கினார். மேலே கரிசல் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து மெழுகியிருந்தது. கட்டை விரலால் தேய்த்தார். எழுத்து தெரிந்தது. 5W-30.

அவர் கையாலேயே எத்தனை தடவை திருகிய மூடி. உள்பக்கம் தூசி ஒட்டக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைத்த மூடி. தாயே என்று கண்ணை மூடிக் கும்பிட்டபோது அந்த எண் பேட்டரி மேல் குப்புறக் கிடந்திருக்கிறது. கும்பிடுகிறபோது கண்ணை மூடலாம். ஊற்றுகிறபோது திறந்திருக்க வேண்டும்.

"மணி. அந்த மகராசன் நான்தான்."

மணிராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உக்காருங்க அண்ணாச்சி" என்றான்.

அங்கிருந்து நேராகச் செல்வகணேஷின் வீட்டுக்குப் போனார். அவன் மனைவி வாசலில் தையல் மெஷினில் உட்கார்ந்து புதியம்புத்தூர்க் கடைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது புத்தி சொல்லுங்க அண்ணாச்சி. திருடன்னு பேரு வாங்கிட்டு வந்து பாய விரிச்சுப் படுக்குதாரு. நான் திருடலன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?"

செல்வகணேஷ் வெளியே வந்தான். தங்கச்சாமியைக் கண்டதும் அவன் முகம் மாறியது. அந்த மாற்றத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமாலே?"

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டாந் தடவையே பாத்துட்டேன். பஞ்சு எடுக்க மறந்து திரும்பி வந்தேன். நீங்க கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டே ஊத்துனீங்க. சாமி கும்பிடுறவியள எப்படிக் கூப்பிடுறதுன்னு திரும்பிட்டேன்."

"அப்பமே ஏன் தடுக்கல?"

"எனக்கென்ன தெரியும்? கெட்டி ஆயில்னா வெயிலுக்கு நல்லதுன்னுதான் நானும் நெனச்சேன். நானும் இந்த ஊர்க்காரன்தான அண்ணாச்சி? காலைல கெளப்பும்போது கடகடன்னு சத்தம் வந்துச்சு. கெட்டி ஆயில்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

"இஸ்ரவேல் சார் கேக்கும்போது சொல்லிருக்கலாம்லா?"

"உங்க பேரச் சொல்லியா?" அவன் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தான். "தம்பிக்குப் பாத்த நன்றிக்கு நீங்க ரகசியமாச் செஞ்சது. அத நான் கமிட்டில போட்டு ஒடைச்சா, சிஸ்டர் நாளைக்கு அந்தச் சந்துக்குள்ள எந்த மொகத்த வச்சுக்கிட்டு வருவாவ? கோமதியம்மாளப் பெரட்டிப் போட யாரு இருக்கா? எனக்கு ஸ்டியரிங் எங்கனயும் கெடைக்கும்."

தையல் மெஷின் நின்றிருந்தது. அவன் மனைவி கையில் காலரோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தான் செய்தது பெரிய தானம் என்று தங்கச்சாமி ஒன்றரை வருடம் நெஞ்சுக்குள் வைத்துப் பார்த்து மகிழ்ந்திருந்தார். அதை விடப் பெரிய ஒன்றை இந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு செய்து வைத்திருக்கிறான்.

"சட்டையப் போடு. என்கூட வா" என்றார்.

இஸ்ரவேல் சார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஆபீஸ் அறையில் ரூபி சிஸ்டர் மருந்துகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சாமி உட்காரவில்லை. வாழைத்தாரிலிருந்து ஆரம்பித்து, மூடியில் முடித்தார். ஒன்றையும் குறைக்கவில்லை. வெயிலுமுத்துத் தாத்தாவின் எட்டு மணி நேரத்தையும் சொன்னார்.

ரூபி மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். இஸ்ரவேல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முப்பத்தாறு வருசம் பிள்ளைகள விசாரிச்சவன் நான்" என்றார் மெதுவாக. "பேசாம நிக்குற பிள்ளை குத்தவாளிதான்னு இந்த வயசுல தீர்ப்பு எழுதிட்டேன்." எழுந்து வந்து செல்வகணேஷின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன மன்னிச்சுரு கணேஷ்."

"சார், அதெல்லாம் எதுக்கு" என்று அவன் கையை உருவப் பார்த்தான். அவர் விடவில்லை.

"இன்ஜின நான் சரி பண்ணித் தாரேன் சார். மணிராஜ்கிட்டப் பேசிட்டேன்" என்றார் தங்கச்சாமி.

இஸ்ரவேல் தயங்கினார். "நாங்க நோயாளி வீட்டுல எதையும் வாங்கிக்கிட மாட்டோமே..."

"சார், அது காணிக்கைக்கு உள்ள ரூல்" என்றாள் ரூபி. "இது கடன். கடன அடைக்க வந்தவியள வாசல்ல நிறுத்தக் கூடாது." பிறகு தங்கச்சாமியின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்லா, என்ன ஆயில்னு. கேட்டுச் செஞ்சாலும் நன்மைதான்."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் பெட்டியை மூடினாள்.

ஐம்பத்து நாலு வயதில் தங்கச்சாமி மணிராஜின் ஒர்க் ஷாப்பில் ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்தார். மணிராஜ் பொருத்த வேண்டியதைப் பொருத்துவான். இவர் மண்ணெண்ணெயில் பிரஷை நனைத்து ஒவ்வொரு பாகமாகக் கழுவிக் கொடுப்பார். "அண்ணாச்சி இங்கன எப்பம் வேலைக்குச் சேந்தீங்க?" என்று வந்து போகிறவர்கள் கேலி செய்வார்கள். "நாலு வாரந்தான் ஆகுது. இன்னும் முதலாளி மூடியத் தொட விடல" என்பார். உதிரி பாகங்கள் வந்து சேர இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றான் மணிராஜ்.

அதுவரை பைக்தான். நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் அந்தப் பழைய பைக் இரண்டு பேரையும் மருந்துப் பெட்டியையும் சுமந்துகொண்டு காடு மேடெல்லாம் ஓடியது.

அந்த வியாழக்கிழமை பைக் மரத்தடியில் வந்து நின்றபோதே தங்கச்சாமியின் காது அதைப் பிடித்துவிட்டது. இன்ஜினுக்குள் வறட்டுச் சத்தம். செல்வகணேஷ் பெட்டியை எடுத்துக்கொண்டு, சாவியை முன்பு மாதிரியே பட்டறை ஆணியில் மாட்டினான்.

"நிழல் மாறினா தள்ளி வச்சுருங்க அண்ணாச்சி."

அந்த ஒரு வரியை இன்னொரு தடவை தன்னிடம் அவன் சொல்லுவான் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "சரிப்பா" என்றார்.

இருவரும் சந்துக்குள் திரும்பினார்கள். தங்கச்சாமி பைக்கின் ஆயில் அளவைப் பார்த்தார். கம்பியின் நுனியில் மட்டும் கொஞ்சம், கருப்பு மை மாதிரி. மாற்றுவதற்கு அவனுக்கு நேரம் ஏது.

அவர் விரலில் வைத்துப் பிரித்துப் பார்க்கவில்லை. உள்ளே போய் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த ஆயில் மூடியை ஈரத் துணியால் துடைத்தார். புழுதிக்கு அடியிலிருந்து எழுத்து வந்தது. முன் எண்ணை முதலில் படித்தார். பிறகு பின் எண். 10W-30. சுவரோரம் புதிதாக வாங்கி அடுக்கியிருந்த டப்பாக்களில் ஒன்றை எடுத்து வந்து, அதில் இருந்ததையும் இதில் இருந்ததையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தார்.

பழையது சூட்டோடு வடிந்து முடியும்வரை குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சந்து முனை வெறிச்சென்று கிடந்தது. உள்ளே எங்கோ கோமதியம்மாள் சிஸ்டரை எதற்கோ செல்லமாக வைதுகொண்டிருந்த குரல் மட்டும் வந்தது. அடைப்பைத் திருகி இறுக்கினார். மூடியை எழுத்துப் பக்கம் மேலே தெரிய ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்தார். கண்ணைத் திறந்தபடியே, அளவு பார்த்து, சிந்தாமல் ஊற்றினார். உதடுகள் மட்டும் அசைந்தன.

மூடியைப் போட்டார். தரையில் விழுந்திருந்த ஒரு சொட்டையும் துணியால் ஒற்றி எடுத்தார். வடித்ததைப் பட்டறையின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

அதற்குள் வெயில் பைக்கின் இருக்கை மேல் ஏறியிருந்தது. தள்ளிக் கொண்டுபோய் நிழலில் நிறுத்தினார். சாவியை அது இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டு, பாதியில் விட்ட டிராக்டர் வேலைக்குப் போனார்.